குளமும் குடலும்

கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் சென்று திரும்பிய அம்மையார் ஒருவர் இப்பகுதிக்குக் கடிதம் வரைந்துள்ளார். உறவினர் இல்லத் திருமணத்தில் வீட்டார் ஐவரும் ஒரே தவலையின் நீரைப் பருகினராம். அவர்களுள் முதியவர் ஒருவருக்கும் சிறுவன் ஒருவனுக்கும் மட்டும் ஊர் திரும்பும் இரயிலிலேயே கடும் வயிற்றுப்போக்குக் கண்டது. ஏனைய மூவருக்கும் தலைவலிகூட வரவில்லை. “நோய்க்கிருமிக்கு ஆள் பார்த்துப் பற்றும் அறிவு உண்டோ?” என்று அவர் வினவுகிறார்.

ஆளைப் பார்க்கும் அறிவு கிருமிக்கு இல்லை. ஆனால் தான் இருக்கும் இடம் யாது என்று அறியும் உணர்வு அதற்கு உண்டு. புல்லுக்கும் மரத்துக்கும் தொடுவுணர்வு ஒன்றே என வகுத்து அவற்றை ஓரறிவுயிர் என்றார் தொல்காப்பியர். கண்ணுக்கே புலப்படாத ஓர் உயிரை அவர் எந்த வரிசையில் வைத்திருப்பாரோ, அறியோம். இக்கிருமியோ சூடு, உப்பு, புளிப்பு, பித்தநீர், தன் இனத்தாரின் எண்ணிக்கை ஆகிய அனைத்தையும் உணர்ந்து, அவ்வவற்றுக்கு ஏற்பத் தன் நடத்தையை மாற்றிக்கொள்கிறது. மூளையும் நரம்பும் இல்லாத ஓர் உயிர் இதனை எங்ஙனம் செய்கிறது என்பதே இத்திங்களின் செய்தி.

அம்மையார் வீட்டில் நேர்ந்தது எந்தக் கிருமியால் என்று இங்கிருந்தபடி கூற இயலாது. பேதியை உண்டாக்கும் கிருமிகள் பல. அவற்றுள் காலராக் கிருமியை எடுத்துக்கொள்வோம். நம் பாட்டனார் காலத்தில் ஊழிநோய் என்றும் விஷபேதி என்றும் பெயர் சொல்லவே அஞ்சிய அந்நோய்தான். அதனைப் பற்றிய அறிவில் பெரும் பகுதி நம் நாட்டிலேயே விளைந்தது என்பது இத்தேர்வுக்கு இன்னொரு காரணம்.

ஜெர்மானிய மருத்துவர் இராபர்ட் கோக் 1883-ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தா வந்து சேர்ந்தார். காற்புள்ளி போல் வளைந்த கிருமியை நோயாளிகளின் குடலிலிருந்து தனியே பிரித்து வளர்த்து, 1884-இல் உலகுக்கு அறிவித்தார். அதே கிருமியை அந்நகரத்துக் குளம் ஒன்றின் நீரிலும் அவர் கண்டார். அக்குளத்தைச் சுற்றி வாழ்ந்தோர் அதிலேயே குளித்து, துவைத்து, அந்நீரையே பருகியும் வந்தனர். குளத்திலும் குடலிலும் ஒரே கிருமி! இவ்விரண்டு இடங்களும் ஒன்றுக்கொன்று எத்துணை வேறுபட்டவை என்பதை எண்ணிப் பார்த்தால், அது இரண்டிலும் வாழ்வதன் அருமை விளங்கும்.

கிருமி ஒரு நஞ்சை உமிழ்கிறது என்று கோக் அன்றே ஊகித்தார். ஆயின் எழுபத்தைந்து ஆண்டுகள் அந்நஞ்சை எவராலும் பிடிக்க முடியவில்லை. பிடித்தவர் சம்புநாத் தே என்னும் வங்காளத்து அறிஞர். ஹூக்ளி மாவட்டத்தில் 1915-இல் பிறந்து, கல்கத்தாவிலேயே மருத்துவக் கல்லூரி ஆசிரியராக வாழ்ந்தவர் அவர். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு முனைகளிலும் நூலால் கட்டினார். கிருமி வளர்ந்த நீரை வடிகட்டி, உயிருள்ள கிருமி ஒன்றும் இல்லாதபடி செய்து, அவ்வடிநீரை அக்குடற்பகுதியினுள் செலுத்தினார். கிருமியே இல்லாதபோதும் குடல் நீரால் நிரம்பி உப்பியது. நோயை விளைப்பது கிருமி வெளியே உமிழும் நஞ்சு என்பது 1959-இல் இங்ஙனம் மெய்ப்பிக்கப்பட்டது. நூலும் ஊசியும் வடிதாளும் கொண்டு செய்த ஆராய்ச்சி என்று சொன்னால் மிகையாகாது. 1978-இல் நோபல் அறநிலையம் காலரா பற்றிக் கூட்டிய அறிஞர் மாநாட்டுக்கு அவரை அழைத்தது. 1985-இல் அவர் மறையும்வரை நம் நாட்டில் அவருக்குரிய சிறப்பு முழுமையாகச் செய்யப்படவில்லை என்பது இக்கட்டுரையாளனின் கருத்து.

நிற்க. நஞ்சைக் கண்டபின் அடுத்த வினா எழுகிறது. குளத்து நீரில் வாழும்போது கிருமிக்கு அந்நஞ்சால் பயன் யாதும் இல்லை. ஆளில்லாத அறைகளில் எல்லாம் விளக்கேற்றி வைக்கும் குடும்பம் விரைவில் கடன்பட்டுப் போகும் அன்றோ? நஞ்சு செய்வதற்குப் பொருளும் ஆற்றலும் வேண்டும். ஆகவே வேண்டும் இடத்தில் மட்டுமே அதனைச் செய்வது கிருமிக்கு நலம். “இதுதான் அந்த இடம்” என்று அதற்கு எவர் சொல்கிறார்?

குளத்திலிருந்தே தொடங்குவோம். கழிமுகங்களிலும் உப்பு கலந்த நீர்நிலைகளிலும் இக்கிருமி இயல்பாகவே வாழ்கிறது. அங்கே கண்ணுக்கு அரிதாகத் தெரியும் சின்னஞ்சிறு இறால் இனப் பூச்சிகள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. அவற்றின் ஓடு கைட்டின் என்னும் பொருளால் ஆனது. கிருமியின் பின்புறத்தில் சாட்டை போன்ற ஓரிழை உண்டு. அதனைச் சுழற்றி அது நீந்தும். நீரில் கலந்துள்ள பொருள்களை அறிவதற்கான உணர்புரதங்கள் அதன் உடலின் முனையில் கொத்தாக அமைந்துள்ளன. நம் குடலில் தீங்கின்றி வாழும் ஈ.கோலை என்னும் கிருமிக்கு இவ்வகைப் புரதங்கள் ஐந்தே. காலராக் கிருமிக்கோ நாற்பதுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. பல இடங்களில் வாழ்பவனுக்குப் பல மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதைப் புலம்பெயர்ந்த நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வுணர்வு வேலை செய்யும் முறை வியப்புக்குரியது. கிருமியின் உடல் மிகச் சிறியது. ஆதலின் தலைப்பக்கம் இனிப்பு மிகுதியா, வாற்பக்கம் மிகுதியா என்று ஒரே கணத்தில் ஒப்பிட்டுப் பார்த்தல் அதற்கு எளிதன்று. எனவே சில நொடிகளுக்கு முன் இருந்த நிலையையும் இப்போதுள்ள நிலையையும் அது ஒப்பிடுகிறது. நிலைமை மேம்பட்டால் நேரே செல்லும். மோசமானால் திசையை மாற்றும். திசையை மாற்றுவதில் திட்டம் ஒன்றும் இல்லை. எப்பக்கமேனும் திரும்பி மீண்டும் சோதிக்கும். இருளில் சமையலறையின் மணத்தை நுகர்ந்து நடப்பவனைப் போன்றதே இது. இதற்குத் தேவை ஒரு சிறு நினைவாற்றல். உணர்புரதத்தின் மேல் ஒட்டியும் கழன்றும் செல்லும் மிகச் சிறிய வேதிப் பொருளே அந்நினைவு.

இனி, அந்நீரை ஒருவர் பருகிவிட்டார் என்று கொள்வோம். கிருமி முதலிற் சென்று விழுவது இரைப்பையின் அமிலத்தில். அங்கே பெரும்பாலானவை மடிகின்றன. நல்ல உடல்நிலையுள்ளோர் தாமே முன்வந்து பங்குகொண்ட சோதனைகளில், அமிலம் இயல்பாக இருந்தவர்க்கு நோய் காணப் பத்துக் கோடிக் கிருமிகள் அளவில் தேவைப்பட்டன. சமையற்சோடா இனத்து உப்பைக் கொடுத்து அமிலத்தைத் தணித்தபோது பத்தாயிரம் முதல் பத்து இலட்சம் வரையே போதுமானவையாயின. ஐவர் பருகிய நீர் ஒன்றாயினும் ஐவர் இரைப்பையும் ஒன்றன்று என்பதே அம்மையாரின் வினாவுக்கு முதல் விடை. முதியவர் நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை உண்பவராயின் அவர்தம் இரைப்பையின் காவல் தளர்ந்திருக்கும். சிறுவர்க்கு முன்னோயால் வரும் எதிர்ப்பாற்றல் குறைவு. ஓ இரத்தப் பிரிவினர்க்குக் காலரா கண்டால் அது கடுமையாகும் வாய்ப்பு மிகுதி என்பதும் அறியப்பட்ட செய்தி.

அமிலத்தைத் தப்பிய சில கிருமிகள் சிறுகுடலை அடைகின்றன. அங்கே அவற்றை எதிர்கொள்வது பித்தநீர். கொழுப்பைக் கரைக்கும் பித்தநீர் கிருமியின் மேலுறையையும் கரைக்க வல்லது. இங்குதான் ‘டாக்ஸ்-ஆர்’ எனப்படும் புரதம் தன் வேலையைக் காட்டுகிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் வர்ஜீனியா மில்லரும் ஜான் மெக்கலானோசும் 1984-இல் இதனை வெளிப்படுத்தினர். இப்புரதத்தின் அமைப்பைச் சற்று விளக்கியாக வேண்டும். கிருமியின் சவ்வில் இது கதவில் பதித்த தாழ்ப்பாள் போல் ஊடுருவி நிற்கிறது. ஒரு முனை சவ்வுக்கு வெளியே துருத்தி நின்று அங்குள்ள நிலையை உணர்கிறது. மறுமுனை உள்ளே நின்று மரபணு இழையையே பற்றுகிறது. வெளியே அறிவதும் உள்ளே ஆணையிடுவதும் ஒரே புரதம். இடையே தூதுவர் இல்லை. கிருமியின் மேலுறையில் பொருள்கள் புகும் நுண்துளைகள் இருவகை. பித்தநீரை எளிதில் உள்ளே விடும் துளைகளைக் குறைத்து, எளிதில் விடாத துளைகளைப் பெருக்குமாறு டாக்ஸ்-ஆர் செய்கிறது. வாடைக் காற்று வீசத் தொடங்கியதும் பெரிய சன்னலை அடைத்துச் சிறு சன்னலைத் திறப்பது போல.

அடுத்து, டாக்ஸ்-ஆர் வேறொரு துணைப் புரதத்துடன் கூடி ‘டாக்ஸ்-டி’ என்னும் இன்னொரு புரதத்தைச் செய்விக்கிறது. நஞ்சின் மரபணுவையும், குடலில் கூட்டமாய்ப் பற்றி நிற்க உதவும் நுண்மயிர்களின் மரபணுக்களையும் திறக்கும் திறவுகோல் இந்த டாக்ஸ்-டி. ஆனால் திறவுகோல் கையில் இருந்தும் உடனே கதவு திறக்கப்படுவதில்லை. குடலின் நடுவே பித்தநீரில் கலந்துள்ள சில கொழுப்பு அமிலங்கள் டாக்ஸ்-டியைப் பற்றி அதன் கையைக் கட்டிவிடுகின்றன. கிருமி சளிப்படலத்தைத் துளைத்து நீந்திக் குடற்சுவரை நெருங்கும்போது அக்கொழுப்பு அமிலங்கள் குறைகின்றன. சுவரின் உயிரணுக்கள் சுரக்கும் பைகார்பனேட்டு மிகுகிறது. அது டாக்ஸ்-டியின் ஆற்றலைத் தூண்டுகிறது. “வழியில் பையை அவிழ்க்காதே, வீட்டுக்குப் போய் அவிழ்” என்று பயணம் புறப்படும் பிள்ளைக்குத் தாய் சொல்வாளே, அது போன்ற ஏற்பாடு.

இங்கே ஒரு செய்தியை இடையே கூறாதிருக்க இயலவில்லை. சோதனைக்குழாயில் பழைய வகைக் காலராக் கிருமி மிகுதியாக நஞ்சு செய்வது 30 பாகைச் சூட்டில்தான். மனித உடலின் 37 பாகையில் அன்று. இதனை அறிந்தோர் தொடக்கத்தில் பெரிதும் குழம்பினர். குடல் வேறு, குழாய் வேறு என்பதும், குடலில் ஒரே சமயத்தில் பல குறிப்புகள் கலந்து வருகின்றன என்பதும் பின்னர்த்தான் தெளிந்தன.

குடற்சுவரில் உமிழப்பட்ட நஞ்சு, ஐந்து உறுப்புகள் கொண்ட வளையத்தால் சுவரின் உயிரணுவைப் பற்றிக்கொண்டு, ஆறாவது உறுப்பை உள்ளே செலுத்துகிறது. அது உயிரணுவின் கட்டுப்பாட்டைக் குலைத்து, உப்பு வெளியேறும் வாயில்களை மூடாமல் திறந்தே வைக்கிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் பாய்கிறது. கடும் நோயில் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் இழப்பு ஏற்படுவதுண்டு. அரிசி கழுவிய நீர் போல் கழியும் அதன் ஒரு மில்லி லிட்டரில் ஒரு கோடி முதல் நூறு கோடி வரை கிருமிகள் இருக்கலாம்.

கிருமிகள் தம் எண்ணிக்கையையும் அறிகின்றன என்றோம். கடலில் ஒளிவிடும் ஒருவகைக் கிருமி, தன் கூட்டம் பெருகிய பின்னரே ஒளிர்கிறது என்பதை நீல்சனும் ஹேஸ்டிங்ஸும் 1970-இல் கண்டனர். ஒவ்வொரு கிருமியும் ஒரு பொருளைச் சிறிது சிறிதாக வெளியிடும். சுற்றிலும் அப்பொருள் செறிந்தால் கூட்டம் பெருகிவிட்டது என்று பொருள். காலராக் கிருமியும் இத்தகைய பொருள்களை வெளியிடுகிறது. பிற நோய்க்கிருமிகளிற் பல, கூட்டம் சேரும்வரை பதுங்கியிருந்து பின்னரே தாக்கும். காலராக் கிருமியின் வழக்கம் இதற்கு நேர்மாறு. சிலவாக இருக்கும்போது பற்றிக்கொள்கிறது, நஞ்சு உமிழ்கிறது. பலவாகப் பெருகியதும் நஞ்சை நிறுத்திவிட்டுப் பற்றை அறுக்கும் புரதத்தைச் சுரந்து சுவரினின்றும் விடுபடுகிறது. காரணம் எளிது. பேதியின் வெள்ளத்தோடு வெளியேறி அடுத்த நீர்நிலையை அடைவதே அதற்கு இலாபம். விடுபடுவதற்கு முன்பே, குளத்தில் கைட்டினை உண்ணத் தேவையான மரபணுக்களையும் அது திறந்து வைத்துக்கொள்கிறது. இறங்கும் நிலையம் வருமுன்பே மூட்டையைக் கட்டிவைக்கும் பயணியைப் போல.

இல்லத்தரசியர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் அடங்கியுள்ளது. நோயாளியின் உடலிலிருந்து புதிதாக வெளியேறிய கிருமி, ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த கிருமியினும் பன்மடங்கு எளிதாகத் தொற்றுகிறது என்பது டாக்கா நோயாளிகளிடமிருந்து பெற்ற கிருமிகளைக் கொண்டு 2002-இல் அறியப்பட்டது. குடலுக்கான ஆயத்தம் சில மணி நேரமேனும் அதனிடம் எஞ்சி நிற்கிறது. ஒரு வீட்டில் ஒருவர்க்குக் கண்டால் மற்றவர்க்கும் விரைந்து பரவுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஆகவே நோயாளியின் துணிகளைக் கிணற்றடியிலோ பொதுக் குழாயடியிலோ அலசலாகாது. கொதிநீரிலோ சலவைத்தூள் நீரிலோ ஊறவைத்தல் வேண்டும். பணிவிடை செய்வோர் சோப்பிட்டுக் கைகழுவாமல் அடுப்படிக்குச் செல்லலாகாது.

குளத்தில் நிகழ்வதிலும் நம்மைத் தொடும் செய்தி உண்டு. கைட்டின் மேல் அமர்ந்த கிருமி அப்பொருளை உணர்ந்ததும், அருகில் மடிந்த பிற கிருமிகளின் மரபணுத் துண்டுகளை உள்ளே இழுத்துத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் திறனைப் பெறுகிறது. இது 2005-இல் வெளியாயிற்று. காலராக் கிருமிகளை மேலுறையின் தன்மைகொண்டு எண்ணிட்டு வகைப்படுத்துவர். கொள்ளை நோயாகப் பரவியவை அதுவரை முதல் எண்ணுக்குரியவை மட்டுமே. 1992-இன் பிற்பகுதியில் சென்னையில் இதுவரை காணாத ஒரு வகை தோன்றியது; அதற்கு 139 என்ற எண் தரப்பட்டது. முன்னர்க் காலரா கண்டு தேறிய பெரியவர்களையும் அது விடவில்லை, ஏனெனில் மேலுறை மாறியிருந்தது. மாதங்கள் சிலவற்றுள் கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் அது அடைந்தது. பின்னாளில் அது ஒடுங்க, முதல் எண்ணே மீண்டும் தலையெடுத்தது. கைட்டின் மேல் வளரும் முதல் எண்ணுக் கிருமி, 139-இன் மேலுறை மரபணுக்களை ஏற்று அதுவாகவே மாறிவிடுவதை 2007-இல் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினர். சென்னையிலும் இதுவே நடந்தது என்று அறுதியிட இயலாது. நடந்திருக்கக்கூடும் என்பது மட்டும் தெளிவு.

கிருமி பூச்சியின் ஓட்டில் ஒட்டி வாழ்கிறது என்ற அறிவைக் கொண்டு எளிய காப்பு முறை ஒன்றும் வகுக்கப்பட்டது. தனிக் கிருமி துணியில் நிற்காது. பூச்சியோ நிற்கும். ரீட்டா கால்வெல், அன்வர் ஹக் ஆகியோர் வங்கதேசச் சிற்றூர்ப் பெண்களிடம் பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீர் வடிக்கச் சொன்னார்கள். காலரா 48 விழுக்காடு குறைந்தது என்று 2003-இல் அறிவித்தனர். புதுச் சேலையினும் பலமுறை துவைத்த சேலையே மேல். நூல் தளர்ந்து கண்கள் சிறுத்துவிடுகின்றன. நம் பாட்டியர் தவலையின் வாயில் வேட்டித் துணி கட்டியது வீண் வழக்கமன்று. எனினும் கொதிக்க வைக்க வாய்ப்புள்ள வீட்டில் வடிகட்டுதல் மட்டும் போதும் என்று எண்ணிவிடலாகாது.

நோய் கண்டபின் செய்ய வேண்டுவது யாது? நஞ்சு உப்பு வாயில்களைத் திறக்கிறதே தவிர, சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உள்ளே புகும் வேறொரு வாயிலை அது தொடுவதில்லை. அவ்வழியே நீரையும் உள்ளே அனுப்பலாம். 1971-இல் வங்கதேசப் போரின்போது பொங்காவ் அகதி முகாமில் ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பெரிய கலங்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் சுற்றத்தார் கையாலேயே பருகச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு மூன்றளவிற்கு இறங்கியது. அவர் 2022-இல் கொல்கத்தாவில் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்மவிபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமே சிறந்தது. இரயிற் பயணம் புறப்படுவோர் நான்கைந்து பொட்டலங்களைப் பையில் வைத்துக்கொள்க. அது கிட்டாதபோது காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும். உப்பு மிகுந்தால் குழந்தைக்குத் தீங்கு. கலந்த நீரை ஒரு நாளுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. வாந்தி எடுக்கும் குழந்தைக்குப் பத்து நிமிடம் பொறுத்து, பின்னர்த் தேக்கரண்டியால் சிறிது சிறிதாகப் புகட்டுக. தாய்ப்பாலை நிறுத்தலாகாது. மருத்துவரைக் கேட்டுத் துத்தநாக மாத்திரையும் கொடுப்பது நலம். கண் குழிந்து, நா வறண்டு, சிறுநீர் நின்று, குழந்தை துவண்டு கிடந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காது அண்மையிலுள்ள மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். வழியிலும் கரைசலைப் புகட்டிக்கொண்டே செல்லலாம்.

குடற்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி நம் இரத்த வெள்ளணுவினுள்ளேயே புகுந்து வாழ்வது எவ்வாறு என்று வேறோர் அன்பர் கேட்டுள்ளார். அதற்கு அடுத்த இதழில் இடம் ஒதுக்குவோம்.